ஹோம் வாரண்டி: 'எதெல்லாம் கிடையாது' என்ற பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்

டெக்சாஸில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கினால், மாநிலம் வகுத்த விற்பனை ஒப்பந்தப் படிவத்தின் 7வது பத்தியில் ஹோம் வாரண்டிக்கு ஒரு கோடிட்ட இடம் இருக்கும். ஏசி, சமையலறை மெஷின் போன்றவை தேய்ந்து நின்றால் சரிசெய்து தரும் இந்த ஒப்பந்தத்தை (படிவத்தில் 'சர்வீஸ் காண்ட்ராக்ட்') வாங்குகிறவர் எடுத்துக்கொண்டால் இவ்வளவு டாலர் வரை விற்பவர் தந்துவிடுவார் என்று அங்கே எழுத வேண்டும். ரியல்டர் (வீட்டுத் தரகர்) ஒரு தொகையை நிரப்பிவிட்டு, "முதல் வருஷம் ஃப்ரீ, நிம்மதியா இருங்க" என்பார். இது கட்டாயமில்லை, எது அடங்கும் எது அடங்காது என்று பார்த்துக்கொள்ளுங்கள், வேறு கம்பெனிகளிடமும் வாங்கலாம் என்றும் அதே பத்தியில்தான் அச்சாகியிருக்கிறது. கையெழுத்துப் போடுகிற அவசரத்தில் அந்த வரிகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

நாங்கள் 2024 தொடக்கத்தில் டாலஸுக்கு வடக்கே ஒரு வீடு வாங்கினோம். 2006இல் கட்டியது. ஏசியை முன்பிருந்தவர்கள் 2012இல் மாற்றியிருந்தார்கள். விற்பவர் செலவில் ஒரு வருட பிளான் கிடைத்தது: வருடத்துக்கு 650 டாலர், ஆள் ஒருமுறை வந்தால் 100 டாலர். அந்த ஒரு வருடத்தில் ஏசி, டிஸ்போசல் (சிங்க்கில் சமையல் கழிவை அரைக்கும் மெஷின்) இரண்டுக்கும் ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அதில் தெரிந்துகொண்டதையும், புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டதையும் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். என் மாமியாரிடம் சொன்னபோது, "நம்ம ஆர்.ஓ. மெஷினுக்கு ஏஎம்சி போடுவோமே, அதுதானே?" என்றார். இல்லை. ஏஎம்சி போட்டால் எதுவும் கெடாவிட்டாலும் ஆள் வந்து ஃபில்டர் மாற்றி, கழுவிவிட்டுப் போவார். இங்கே ஒன்று நின்றுபோகிற வரைக்கும் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். பராமரிப்பு உங்கள் தலையில். அதைச் செய்யவில்லை என்று பிறகு அவர்களே காரணம் காட்டவும் செய்யலாம்.

வீட்டு இன்ஷூரன்ஸும் இதுவும் வேறு வேறு. புயல், தீ, திடீரென்று குழாய் வெடித்துத் தண்ணீர் பாய்வது போன்றவை இன்ஷூரன்ஸின் பக்கம். ஓடி ஓடித் தேய்ந்து நிற்பது ஹோம் வாரண்டியின் பக்கம். 2021 பிப்ரவரி உறைபனிப் புயலில் டெக்சாஸ் முழுக்கக் குழாய்கள் வெடித்தனவே, அந்த மாதிரி உறைந்து உடைவதை ஹோம் வாரண்டி ஒப்பந்தங்கள் பொதுவாக ஒதுக்கிவிடும். தண்ணீர் ஒழுகி மரத்தரை ஊதிப்போனால் ஒழுகின பாகத்துக்கு மட்டும் ஒருவர் பொறுப்பு, தரைக்கு இன்னொருவர். இரண்டு பேரும் கைகாட்டிக்கொண்டால் நடுவில் நாம்.

இனி எங்கள் ஏசி கதை. இதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாடி குளிரவில்லை. இங்கே பல வீடுகளில் ஏசியின் உள்பகுதி பரணில், கூரைக்கு அடியில் இருக்கும். கோடையில் அங்கே ஏறினால் மூச்சு முட்டும். வாரண்டிக் கம்பெனிக்குப் போன் செய்தோம். ஆளை ஒதுக்குவதற்கே இத்தனை மணி நேரம் என்று அவர்கள் ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட ஆள் எப்போது வருவார் என்பதற்கு எந்தக் கெடுவும் இல்லை. வார இறுதி முழுக்கக் கீழ்த்தளத்தில் எல்லோரும் பாய் விரித்துப் படுத்தோம்.

வந்த டெக்னீஷியன் நல்ல மனிதர். மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இவாப்பரேட்டர் காயிலில் (உள்பகுதியில் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) கசிவு, குளிர்விக்கும் வாயு போய்விட்டது என்றார். படியில் நின்றபடியே கம்பெனிக்குப் போன் போட்டார். அவர் சொன்ன வார்த்தைகளில் ஒன்று 'துரு'. அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மறுநாள் மெயில் வந்தது: துரு, பராமரிப்புக் குறைவு, ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்த கோளாறு, ஆகவே கிளெய்ம் நிராகரிப்பு.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் திட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். என் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படித்தார். முன்பே இருந்த கோளாறு அடங்காதுதான். ஆனால் கண்ணால் பார்த்தும், சாதாரணமாக ஓட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத கோளாறாக இருந்தால் அடங்கும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. பல ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வாக்கியம் உண்டு, தேடினால் கிடைக்கும். வீடு வாங்கும்முன் நாங்கள் செய்த இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கையில், உள்ளே போகும் காற்றுக்கும் குளிர்ந்து வரும் காற்றுக்கும் 17 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் என்று இன்ஸ்பெக்டர் குறித்திருந்தார். 15 முதல் 20 வரை இருந்தால் ஏசி ஒழுங்காகக் குளிர்விக்கிறது என்றுதான் இங்கே கணக்கு. காயிலின் படமும் இருந்தது. கூடவே, முன்பிருந்தவர்கள் அடுப்படி டிராயரில் விட்டுப்போயிருந்த சர்வீஸ் ரசீதுகள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒப்பந்தத்தின் அந்த வாக்கியத்தைக் குறிப்பிட்டு மேல்முறையீடு எழுதினோம். போனில் பேசவே இல்லை, எல்லாம் எழுத்தில். கிளெய்மை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த அறிக்கை எங்களைக் காப்பாற்றியது. வேறொருவரை அதே மாதிரி அறிக்கை கவிழ்த்தும் விடும். 'காயிலில் துரு, கவனிக்கவும்' என்று அதில் ஒரு வரி இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதனால் இன்ஸ்பெக்‌ஷனில் ஏதாவது குறை வந்தால், "ஹோம் வாரண்டி இருக்கே, பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் குறையை வீடு விற்பவரிடம் பேசி அப்போதே சரிசெய்ய வைப்பதுதான் வழி. எழுத்தில் பதிந்துவிட்ட குறை வாரண்டிக்கு வெளியே போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுக்கொண்டார்கள் என்றதும் இலவசம் என்று நினைத்தோம். டெக்னீஷியன் ஒரு தாளை நீட்டினார். காயிலும் அதை மாற்றும் கூலியும் கம்பெனி பொறுப்பு. எங்கள் பொறுப்பு இப்படி வந்தது: வாயு 8 பவுண்டு, பவுண்டுக்கு அவர் விலை 90 டாலர், ஒப்பந்தம் தருவது 10, மீதி 640. புதுக் காயில் பழைய தகரப் பெட்டிக்குள் உட்காராது, அதை வெட்டி ஒட்ட 350. கீழே தண்ணீர்த் தட்டும், தட்டு நிறைந்தால் ஏசியை நிறுத்தும் மிதவை சுவிட்சும் 280. பழைய வாயுவை இழுத்தெடுத்து, பழைய காயிலைக் கொண்டுபோய்ப் போட 120. மொத்தம் 1,390. ஆள் வந்ததற்கு 100.

இதில் எதுவும் மோசடி என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் இருந்ததுதான். விளம்பரத்தில் 'ஏசி அடங்கும்' என்று ஒரு டிக் அடையாளம் போட்டிருக்கும். உள்ளே போனால் வாயு வேறு, தகர வேலை வேறு, அப்புறப்படுத்துவது வேறு, பெர்மிட் வேறு, இன்றைய கட்டட விதிக்கு ஏற்ப மாற்றுவது வேறு என்று பிரித்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை அல்லது 'இல்லை'. அதனால்தான் தலைப்பில் அப்படி எழுதினேன். அடங்கும் பட்டியல் எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அடங்காத பட்டியலில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் தெரியும்.

வெளியே ஒருவரிடம் கொட்டேஷன் வாங்கினோம். எல்லாம் சேர்த்து 2,800. ரிப்பேருக்குப் பதில் காசாக வாங்கிக்கொள்கிறீர்களா என்று கம்பெனியும் கேட்டது. அவர்கள் சொன்ன தொகை 700. கடைவிலையை வைத்துக் கொடுக்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்தக் காயில் மொத்த விலையில் எவ்வளவு அடக்கமோ அதை வைத்துத்தான் கொடுப்பார்கள். காசை வாங்கி வெளியே செய்தால், ஆள் வந்ததற்கான 100ஐயும் சேர்த்துக் கையிலிருந்து 2,200 போகும். அவர்கள் ஆளை வைத்தே செய்தால் 1,490. அவர்கள் ஆளையே வைத்துச் செய்தோம்.

ஆக அந்த வருடம் ஏசி விஷயத்தில் எங்களுக்கு லாபம்தான். 1,310 டாலர் மிச்சம். பிரீமியம் 650ஐ நாங்களே கட்டியிருந்தாலும் 660 மிச்சமாகியிருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது.

அப்படியானால் ஏன் புதுப்பிக்கவில்லை?

வருட முடிவில் புதுப்பிப்புக் கடிதம் வந்தபோது பிரீமியம் ஏறியிருந்தது. அதைவிட எங்களை யோசிக்க வைத்தது ஏசியின் வெளிப்பெட்டி. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற தகட்டில் தயாரித்த வருடமும் வாயுவின் பெயரும் இருக்கும். எங்களுடையது 2012, ஆர்-410ஏ. இந்த வாயுவில் ஓடும் புதிய வீட்டு ஏசி அமைப்புகளைத் தயாரிப்பது அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் நின்றது. இப்போது வருகிறவை ஆர்-454பி, ஆர்-32. பழையதற்கு உதிரி பாகமும் வாயுவும் கிடைக்கும். ஆனால் புது வாயுவில் ஓடும் வெளிப்பெட்டியைப் பழைய வாயுவுக்கான காயிலோடு இணைக்க முடியாது. வெளிப்பெட்டியிலுள்ள கம்ப்ரஸர் போனால் முழு செட்டையும் மாற்றச் சொல்லத்தான் வாய்ப்பு அதிகம்.

இப்போது ஒப்பந்தத்தைப் பாருங்கள். கெட்ட பாகத்துக்கு மட்டும்தான் அவர்கள் பொறுப்பு. ஓடிக்கொண்டிருக்கிற உள்பகுதியை, பொருந்தவில்லை என்பதற்காக மாற்றுவது எங்கள் செலவு. மேலும் ஏசிக்கும் ஹீட்டருக்கும் சேர்த்து வருடத்துக்கு 2,000 டாலர் உச்சவரம்பு. முழு செட்டுக்கு நாங்கள் கேட்ட இடங்களில் பத்தாயிரத்துக்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. எந்தப் பயத்துக்காக இந்த பிளானை எடுக்கிறோமோ அந்தச் செலவு வரும்போது அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. சின்னச் செலவுக்கு உதவுகிறதா என்றால், இங்கே கோடையில் ஏசி நின்றால் பல நேரம் கெபாசிட்டர்தான் (மோட்டாரை ஓட வைக்கும் சின்ன மின்பாகம்) காரணம். அதை வெளி ஆளை வைத்து மாற்றினாலே 200 டாலர் சுற்றித்தான் வரும். அதில் 100 எப்படியும் வருகைக் கட்டணமாகப் போகும்.

எங்கள் காயில் மாதிரி நடுத்தரச் செலவுகள்தான் இந்த பிளானுக்குப் பொருத்தம். அந்தக் காயில் இப்போது புதியது.

இதே கணக்கை நீங்களும் போடலாம். ஒரு சாயங்காலம் போதும். வீட்டிலுள்ள ஏசி, ஹீட்டர், வாட்டர் ஹீட்டர், ஃபிரிட்ஜ், டிஷ்வாஷர், அவன், துணி துவைக்கிற மெஷின் எல்லாவற்றின் தகட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயது, மாற்ற ஆகும் செலவு, ஒப்பந்தத்தில் அதற்கு உச்சவரம்பு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தயாரிப்பாளர் வாரண்டி இன்னும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஏசி கம்பெனிகள் பலவும், பொருத்தியபின் 60 அல்லது 90 நாளுக்குள் பதிவு செய்தால் பாகங்களுக்கு 10 வருடம் தருகின்றன, பதிவு செய்யாவிட்டால் 5 வருடம். வீடு கைமாறினால் அது உங்களுக்கு வருமா என்பது கம்பெனியைப் பொறுத்தது. புது வீடு வாங்கியவர்களுக்கு பில்டர் தருவது பெரும்பாலும் 1-2-10: வேலைப்பாட்டுக்கு 1 வருடம், குழாய், மின்சாரம், ஏசி போன்றவற்றுக்கு 2, கட்டுமானத்துக்கு 10. டெக்சாஸில் ஃபிரிஸ்கோ, கேட்டி ஊர்களில் புது வீட்டில் முதல் மாதமே ஹோம் வாரண்டி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பில்டர் இலவசமாகச் செய்து தர வேண்டியதற்குத் தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் வாங்கியதற்கு ஒரு காரணம் தபாலில் வருகிற கடிதம். பத்திரம் பதிவானதும் உங்கள் பெயர், விலாசம், கடன் கொடுத்த வங்கி எல்லாம் கவுண்டியின் பொதுப் பதிவில் ஏறிவிடும். அதைப் பார்த்து, 'கடைசி அறிவிப்பு', 'உங்கள் ஹோம் வாரண்டி முடியப்போகிறது' என்று மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கடிதங்கள் வரும். வங்கியின் பெயரையும் அதில் போட்டிருப்பார்கள். வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. கிழித்துப் போடுங்கள்.

நம் சமையலறைக்கென்றே ஒரு விஷயம். சிங்க்குக்கு அடியிலிருக்கிற டிஸ்போசல் எங்கள் வீட்டில் நின்றது. அதற்கும் 100 டாலர். வந்தவர் உள்ளேயிருந்து முருங்கைக்காய்ச் சக்கையைக் கொத்தாக இழுத்து மேடையில் வைத்தார். வெளிப்பொருள் சிக்கியதால் நின்றது, ஒப்பந்தத்தில் அடங்காது என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது, முருங்கைக்காய் அவர்களுக்கு வெளிப்பொருளாம். போகும்முன் அவரே சொல்லிக்கொடுத்தார்: டிஸ்போசலின் அடிப்பக்கம் நடுவில் அறுகோண ஓட்டை இருக்கும், கால் அங்குல ஆலன் சாவியை அதில் விட்டு இருபுறமும் ஆட்டினால் சிக்கல் விடும், பிறகு பக்கத்திலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஓடும். சாவியை விடும் முன்பே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, சோறு எல்லாம் இப்போது குப்பைக்குத்தான் போகின்றன.

இதே மாதிரி சின்னச் சின்ன விலக்குகள் நிறைய. ஃபிரிட்ஜ் அடங்கும், ஐஸ் மேக்கர் அடங்காமல் போகலாம். கேரேஜில் வைத்திருக்கிற இரண்டாவது ஃபிரிட்ஜுக்குத் தனிக் கட்டணம். டிஷ்வாஷர் அடங்கும், தட்டுகளை அடுக்கும் கூடை அடங்காது. வாட்டர் ஹீட்டரின் அடியில் உப்புப் படிந்து கெட்டால் சில ஒப்பந்தங்கள் தராது, டாலஸ் பக்கத்துத் தண்ணீருக்கு அது முக்கியம். கான்கிரீட் தளத்துக்கு அடியில் குழாய் ஒழுகினால் ஒழுகலை அடைப்பார்கள், தளத்தை உடைத்து மூடுவதற்குத் தனி உச்சவரம்பு.

பிளானே வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். முன்பணத்துக்கே கையிலிருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, அவசரத்துக்கு ஆயிரம் டாலர்கூட இல்லாமல் பழைய வீட்டுக்குள் போகிறவர்களுக்கு முதல் வருடம் இது நல்லதுதான், அதுவும் விற்பவர் கொடுத்தால். யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாத ஊரில் ஒரு போன் நம்பர் இருப்பதும் ஒரு வசதி. தெரிந்த அண்ணன் ஒருவர் இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். இரண்டுக்கும் பிளான் வைத்திருக்கிறார். "வாடகைக்காரன் ராத்திரி எனக்குப் போன் பண்ண மாட்டான்மா, அதுக்கே அந்தக் காசு" என்பார். ஆனால் அவரும் ஒன்று சொன்னார்: கம்பெனி ஆள் வரத் தாமதமானால் வாடகைக்காரரிடம் அதைச் சாக்காகச் சொல்ல முடியாது, உரிய நேரத்தில் சரிசெய்கிற கடமை வீட்டு உரிமையாளருடையது. போன கோடையில் காத்திருக்காமல் சொந்தக் காசில் ஆள் அனுப்பியிருக்கிறார்.

எடுப்பதென்று முடிவானால், மாதிரி ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விளம்பரத் தாளை ஓரமாக வையுங்கள். ஏசிக்கு உச்சவரம்பு எவ்வளவு, வாயுவுக்குப் பவுண்டுக்கு எவ்வளவு, என் ஆளை நானே வைத்துக்கொள்ளலாமா, காத்திருப்புக் காலம் எத்தனை நாள் (நேரடியாக வாங்கினால் பெரும்பாலும் 30 நாள்), ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். இதற்கெல்லாம் எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம். டெக்சாஸில் இந்தக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுப்பது டிடிஎல்ஆர் என்கிற மாநிலத் துறை. கம்பெனியின் உரிமத்தை அங்கே சரிபார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். டெக்னீஷியன் வந்தால் அவர் கம்பெனிக்கு என்ன எழுதுகிறார் என்று கேளுங்கள், முடிந்தால் அந்தத் தாளைப் படம் எடுங்கள். ஃபில்டர் மாற்றும்போது அதன் ஓரத்தில் தேதி எழுதி ஒரு படம் எடுத்து வைத்தால் பராமரிப்புக்கு அதுவே சாட்சி.

நாங்கள் பிரீமியத் தொகையை இப்போது மாதாமாதம் தனிக் கணக்கில் போடுகிறோம். உள்ளூர் ஏசிக்காரர் ஒருவரிடம் வருடத்துக்கு இரண்டு முறை சர்வீஸ் பேசியிருக்கிறோம். அவர் வசந்தத்தில் வரும்போதே கெபாசிட்டரை அளந்து பார்த்துவிடுகிறார். ரத்து செய்யப் போன் செய்தபோது 50 டாலர் குறைக்கிறோம், ஒரு மாதம் கூடுதலாகத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதையே மெயிலிலும் எழுதி, ரத்தானதற்கு உறுதிக் கடிதம் கேட்டு வாங்கினோம். பல பிளான்கள் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். கடிதம் கைக்கு வந்த பிறகும் அடுத்த மாத கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.